எந்த வயதில், யாருக்காக

குழந்தைக்கு எந்த வயதில் வாத்தியம் கற்றுக்கொடுக்கலாம் என்று விசாரிப்பவர்கள் ஆர்.எஸ்.புரத்தில் நிறைய உண்டு. விஜயதசமி நெருங்கினால் டி.பி. ரோட்டின் குறுக்குத் தெருக்களில் வீட்டு கேட்டுகளில் சின்னச் சின்னப் பலகைகள் தொங்கும். வயலின், வீணை, மிருதங்கம், கீபோர்டு; ஐந்து வயது நிரம்பியவர்கள் சேரலாம். பெற்றோர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு இடம் ஏறி இறங்கிக் கேட்கிறார்கள். விரல் எட்டுமா? ஒரு இடத்தில் அரைமணி நேரம் உட்காருவாளா? பள்ளிப் படிப்பு கெட்டுப்போகுமா? எல்லாமே நியாயமான கேள்விகள். பிள்ளைமேல் அக்கறை இருக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

எங்கள் வளவில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தப்பட்டையைத் தூக்க முடிகிற வயது வந்தால் தூக்க வேண்டியதுதான். மற்ற வாத்தியங்களுக்கு எங்களுக்கு வயதே கிடையாது, எந்த வயதிலும் கிடையாது. ஆக, கேள்வியே எழாமல் இரண்டு தலைமுறை கழிந்தது.

இந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் முதல்முறையாக எழுந்தது. தம்பி மகளுக்கு ஏழு வயசு. ஏதோ விழாவில் கல்லூரிப் பெண்கள் பறை அடித்து ஆடியதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் அது வேணும் என்று நிற்கிறாள். தம்பி சம்சாரம், "கீபோர்டு வேணா வாங்கிக் குடுக்கலாமுங்க மாமா, இதெதுக்குங்க?" என்கிறாள். தம்பி, "பறைங்கற பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்" என்கிறான். எங்கய்யனுக்கு எண்பது வயசு. அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நீதான் நாலெழுத்துப் படிச்சவன், நீ சொல்லு" என்று என்னிடம் விட்டார்கள். வீட்டில் சொன்னதோடு நிற்காமல் நம்முடைய பக்கங்களிலும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை.

முதலில் உடம்பைப் பற்றி. இதில் சாதி கிடையாது. நாதசுரம், கிளாரினெட் மாதிரி ஊதுகிற கருவிகளுக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்க வேண்டும், மூச்சுக்கும் பலம் வேண்டும். எட்டு ஒன்பது வயதுக்கு முன்னால் பிள்ளையைப் போட்டு வதைப்பதில் லாபமில்லை. வயலினில் கால் சைஸ், அரை சைஸ் என்று குழந்தையின் கைக்கேற்றபடி செய்கிறார்கள், அதனால் ஐந்து வயதிலும் பிடிக்கலாம். வீணைக்கு விரல் விரிய வேண்டும். தவிலில் எடுத்தவுடன் தோலில் கை வைக்க விடமாட்டார்கள். மரக்கட்டையில் குச்சியால் தட்டிப் பழகவிட்டு, சொற்கட்டுகளை வாயால் சொல்லவைத்து, பிறகுதான் வாத்தியம். எந்தக் கருவியானாலும் கைக்கு முன்னால் காது, காதுக்கு முன்னால் வாய். பாடவும் கைதட்டவும் தெரிந்த பிள்ளைக்குத்தான் கருவி கைக்கு வசப்படுகிறது. இதை எல்லா வாத்தியார்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி (1898-1998) என்று ஒருவர் இருந்தார். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அவர் சொன்னது சாதாரண விஷயம். ஜப்பானியக் குழந்தை எல்லாம் ஜப்பானிய மொழியைச் சுலபமாகப் பேசிவிடுகிறது. பிறவித் திறமையா அது? இல்லை. காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, பேசினால் வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள், திரும்பத் திரும்பச் சொல்கிறது. இசையும் அப்படித்தான் வரும் என்றார். குழந்தைக்கு முன்னால் தாயோ தகப்பனோ கொஞ்சம் வாசிக்கக் கற்கவேண்டும் என்றும் வைத்தார். திறமை வம்சத்தில் வருவதல்ல, வளர்ப்பில் வருவது என்பது அவர் முடிவு. அமெரிக்காவில் எட்வின் கார்டன் என்ற இசைக்கல்வியாளர், குழந்தையின் இசைத்திறன் ஒன்பது வயதுவரை சூழலைப் பொறுத்து ஏறும், இறங்கும், அதன்பிறகு ஏறக்குறைய நிலைத்துவிடும் என்று வாதிட்டார். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு எங்கய்யன் கதைக்கு வாருங்கள்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அய்யன் முதலில் கற்றது அடிக்க அல்ல, காய்ச்ச. தோலில் ஈரம் ஏறினால் சத்தம் அமுங்கிப்போகும். நெருப்பில் காட்டி விறைப்பேற்றவேண்டும். சோளத்தட்டு, காய்ந்த ஓலை, பழைய காகிதம் பொறுக்கிவந்து தீ மூட்டுவது பையன்களின் வேலை. எவ்வளவு நேரம் காட்டினால் கணீர் என்று வரும், எப்போது எடுக்காவிட்டால் தோல் வெடிக்கும் என்று ஆறு வயதுக்குள் தெரிந்தாக வேண்டும். வெடித்துப்போனால் முதுகு வெடிக்கும். பிறகு தொடையில் தட்டிப் பழகுதல். அடியை வாயால் சொல்லவேண்டும், தப்பினால் அப்பாரு குச்சியால் விரல் மொட்டில் போடுவார். எட்டு வயதில் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். நின்றது ஒரு பண்ணாடி வீட்டு இழவில்.

"பொணத்தப் பாத்துப் பயமா இல்லைங்களாய்யா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொணத்துக்கு என்ன பயம். இருக்கறவனுக்குத்தான் பயம். ஒரு நாள் ராத்திரி முழுக்க அடிக்கோணும். கை ஓஞ்சா, ஏன்டா மாதாரி, உங்கூட்டு எழவா இருந்தா இப்படித்தான் அடிப்பியாம்பாங்க."

கூலி என்று ஒன்றும் கிடையாது. பழைய சோறு, வருஷத்துக்குக் கொஞ்சம் தானியம், சாராயம், தரையில் விட்டெறிகிற சில்லறை. அந்தச் சாராயத்தில் எட்டு வயதுப் பையனுக்கும் ஒரு மொடக்கு கொடுப்பார்களாம், தூங்கிவிடாமல் இருக்க. அவருடைய பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் சாவு விழுந்தால் பள்ளிக்கு எப்படிப் போவது? பின்னால் அவர் கோவை நகராட்சியில் துப்புரவு வேலைக்கு வந்தபிறகும் ஊர் விடவில்லை. ஆள் வந்து நிற்கும். லீவு போட்டுவிட்டுப் போய் அடித்துவிட்டு வரவேண்டும். போகாவிட்டால் ஊரில் இருக்கிற எங்கள் பாட்டிக்குத் தண்ணீர் கிடைக்காது.

சுசுகி சொன்ன எல்லாமே இதில் இருக்கிறது பாருங்கள். தொட்டிலில் கிடக்கும்போதே காதில் விழுகிறது. வீட்டில் பெரியவர்கள் அடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப நடக்கிறது. மூன்று வயதிலேயே தொடங்கியாகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் இல்லை. அந்தக் குழந்தை வேண்டாம் என்று வைத்துவிட்டு விளையாடப் போகமுடியாது.

இனி என் பங்கு. எழுபதுகளின் கடைசியில் எங்கம்மா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். கோவை அப்போது மாநகராட்சி ஆகவில்லை, 1981-ல்தான் ஆயிற்று. பள்ளி விட்டதும் நான் அம்மாவைத் தேடி அங்கே போய்விடுவேன். அந்த வீட்டு மாடியில் பொழுதோட வயலின் வகுப்பு நடக்கும். வெளிப்படிக்கட்டில், செருப்பு கழற்றிப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் காதிலேயே பாடமாகிவிட்டது. இந்தப் பாடமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்று சொல்வார்கள். அவர் பெயரில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கலையரங்கமே இருக்கிறது.

கீர்த்தனை பாடத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அருந்ததியர் பலருடைய வீட்டிலும் அதுதான். மாடியில் அந்தப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட சொற்களில் பாதி, அம்மா எங்களைச் சோறு தின்னக் கூப்பிடுகிற மொழியில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் "சக்கிலியத் தெலுங்கு" என்று கேலி செய்த அதே மொழி, மாடியில் சாமிபாட்டாக இருந்தது. மொழி எங்களுடையது. படிக்கட்டுக்கு மேலே போக மட்டும் வழியில்லை.

ஒருநாள் நான் படியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை அந்த வாத்தியாரம்மா பார்த்துவிட்டார். நல்லவர்தான், முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கோ, இவனுக்குத் தாளம் ரத்தத்துலயே இருக்கு. இவாளுக்கெல்லாம் கத்துக்குடுக்கவே வேண்டாம்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு பெரிய வார்த்தை! ராத்திரி அய்யனிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ரத்தத்துல இருந்தா எங்கய்யன் எதுக்கு என் வெரல ஒடச்சான்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் வேறு எந்தத் தத்துவத்தையும் வைக்கமாட்டேன். ரத்தத்தில் இருக்கிறது என்பது சாதியின் பாஷை. அதையே தன் வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னால், ஐந்து வயதிலேயே நல்ல குருவிடம் சேர்க்கவேண்டும் என்று அர்த்தம். எங்களுக்குச் சொன்னால், கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கூலி கொடுக்க வேண்டியதில்லை, அது கலையும் இல்லை என்று அர்த்தம். மாடு பால் கறக்கிற மாதிரி நாங்கள் தாளம் கறக்கிறோம்! அய்யன் காய்ச்சிக் காய்ச்சி, அடி வாங்கி, பத்து வருஷம் கற்ற வித்தை ஒரே வார்த்தையில் காணாமல் போய்விடுகிறது.

மிருதங்கத்திலும் இதுதான் நடந்தது. பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றையும் பதம் பார்த்து இழுத்துக்கட்டி, சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். சுருதி பிசகினால் அவர்கள் காதுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் இசைக்கலைஞர் என்று அவர்களை யாரும் எழுதவில்லை. இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் புத்தகம் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது.

வயது என்ற கணக்கே சிலருக்குப் பொருந்தாமல் போகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா, பதினாலு வயதில் அண்ணன் பாவலர் வரதராசன் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். முறையாக மேற்கத்திய இசை படிக்க சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அவர் சேர்ந்தது 1968-க்குப் பிறகு. இருபத்தைந்து வயது! ஆர்.எஸ்.புரத்துப் பலகையின்படி இருபது வருஷம் தாமதம். அதை வைத்துக்கொண்டு, திறமை இருந்தால் எப்படியும் வந்துவிடுவான் என்று யாரும் எங்களுக்கு உபதேசம் செய்ய வேண்டாம். ஒருவர் வந்துவிட்டார். படிக்கட்டிலேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணியது?

தொண்ணூறுகளில் நம் மத்தியில் இரண்டு குரல்கள் எழுந்தன. இழவுக்கு அடிக்காதே, மாடு தூக்காதே, பறையைத் தூக்கி எறி என்றது ஒன்று. மகாடில் 1927-ல் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விட்டொழிக்கச் சொன்னதன் தொடர்ச்சி அது. இன்னொன்று, பறை நம் கருவி, அதை அடிமைச் சேவகத்திலிருந்து பிடுங்கி விடுதலைக்கு அடிப்போம் என்றது. திண்டுக்கல்லில் 1990-ல் தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்களின் தோளில் பறையை மாட்டியது. ஆண்களே அடித்துவந்த கருவி அது. இந்த இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அப்போது மணிக்கணக்காக விவாதித்தோம். எங்கள் வளவில் அந்த விவாதமே தேவைப்படவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, இனிமேல் இழவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இரண்டு மாசம் எந்தத் தோட்டத்திலும் வேலை கொடுக்கவில்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை. தாக்குப்பிடித்தார்கள். அய்யன் தன் தப்பட்டையைப் பரண்மேல் போட்டவர், இன்றுவரை எடுக்கவில்லை. "என்னோட போகட்டும்" என்பதுதான் அவர் சொன்னது.

இன்றைக்கு நிலைமை வேறு. கோவையிலேயே வார இறுதியில் பறை கற்றுக்கொடுக்கிறார்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வந்து கற்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் அடிக்கிறவன் இறங்கியதும் பறையைப் பையில் போட்டுக்கொண்டு தன் சாதிக்குத் திரும்பிவிடுகிறான். எங்கள் பிள்ளை அடித்தால் பறை அவள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. தம்பியின் பயம் இதுதான். அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

சட்டத்தையும் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். பதினாலு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். குடும்பத் தொழில் என்பது இந்த நாட்டில் சாதித் தொழில்தான். சாயங்காலம் அப்பனோடு இழவு வீட்டில் நிற்கிற பிள்ளையை, உதவுகிறான் என்று சொல்லிவிட இந்தச் சந்து போதும்.

அரசாங்கம் இசை கற்றுக்கொடுக்கவில்லையா என்றால், கொடுக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடம். சேர வயது 12 முதல் 25. பறை அந்த ஏழில் இல்லை. ஒன்பது வயதோடு இசைத்திறன் நிலைத்துவிடும் என்பது சரியென்றால், வீட்டில் இசை இல்லாத பிள்ளை பன்னிரண்டு வயதுவரை எங்கே போவது? ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும். விடிகாலை துப்புரவு வேலைக்கும், அது முடிந்து வீட்டு வேலைக்கும் போகிற தாய்க்கு அது ஆகிற காரியமா? கோவையில் குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு மலுமிச்சம்பட்டியில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். அரசு இசைக்கல்லூரியும் அதே மலுமிச்சம்பட்டியில்தான் இருக்கிறது. ஒரே ஊர். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கல்லூரிக்குள் போகவேண்டுமென்றால் இடையில் பயிற்சி வேண்டும். அதைக் கொடுக்கத்தான் ஆளில்லை.

வீட்டில் நான் சொன்னது இது. ஐந்து வயதுவரை எந்தப் பிள்ளைக்கும் பாட்டு, கைத்தட்டு, வட்டம்கட்டி ஆட்டம் போதும். ஆறு ஏழு வயதில் கருவியைக் கையில் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அரைமணி, அதற்குமேல் வேண்டாம். பறை என்றால் சின்ன வட்டமாக, கனமில்லாததாக வாங்கவேண்டும். மூடிய அறையில் அடிக்கவிடக் கூடாது, காது கெட்டுவிடும். வெட்டவெளியில் அடிக்கட்டும். விரலில் அடித்துக் கற்றுக்கொடுக்கிற ஆசானிடம் விடக்கூடாது, அவர் எவ்வளவு பெரிய வித்தைக்காரரானாலும் சரி. இழவு வீட்டில் எந்தக் குழந்தையும் நிற்கக்கூடாது. கீபோர்டு கேட்டால் கீபோர்டு, வயலின் கேட்டால் வயலின். பறைதான் நம் பிள்ளைக்கு என்று இயக்கமே சொன்னாலும் அது பண்ணாடி சொன்னதற்குச் சமம்.

எல்லாம் கேட்டுவிட்டு அய்யன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "தூக்கிட்டு நின்னா எவனாச்சும் கூப்புடுவான். வரமுடியாது போன்னு சொல்லத் தெரியுமா புள்ளைக்கு? சொல்லத் தெரிஞ்சா கத்துக்கட்டும்."

பேத்தி உடனே, "எனக்குத் தெரியும் தாத்தா, உங்களுக்கே சொல்லுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அய்யன் கேட்டது விளையாட்டுக்கல்ல. பல் முளைத்ததா, விரல் எட்டுமா என்பதெல்லாம் உடம்பின் தகுதி. வேண்டாம் என்று கருவியைக் கீழே வைக்க முடிவதுதான் நம் பிள்ளைக்கு வேண்டிய தகுதி. அதைப் பிள்ளை மட்டும் சம்பாதிக்க முடியாது. வேலை, நிலம், தண்ணீர் எதற்கும் ஊரை எதிர்பார்க்காத வீடும், கூட நிற்கிற இயக்கமும் சேர்ந்துதான் அதைக் கொடுக்கவேண்டும். எங்கய்யனுக்கு அது ஐம்பது வயதில் கிடைத்தது. பேத்திக்கு ஏழு வயதில் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தம்பி இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் வண்டியில் கொண்டுபோய் விடுவது அவன்தான்.

நாம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இசை வேண்டும். கற்றுக்கொடுக்க ஆசான்களை வித்தை பார்த்து நியமிக்கவேண்டும், பட்டம் கேட்கக்கூடாது; வாத்தியாருக்கு உள்ள சம்பளமும் மரியாதையும் அவர்களுக்கும் வேண்டும். பறை கற்க வருகிற வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்காரவேண்டும், வயலின் வகுப்பிலும் அப்படியே. இதைப் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊர்ப் பள்ளியில் இசை வாத்தியார் உண்டா, இழவு வீட்டில் அடிக்கிற வரிசையில் பள்ளி வயதுப் பையன் எவனாவது நிற்கிறானா என்று பார்த்து எழுதுங்கள். கணக்கெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்போம்.